பால் அடுப்பில் இருக்கட்டும், வெந்நீர் கெட்டிலில் கொதிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதங்களில் கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கி அனுப்பியிருக்கிறான், பெட்டியைப் பிரிக்கலாமா வேண்டாமா, கரண்ட் பில் ஏறுமா, வீட்டில் கேஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அதற்கு ஒருவர் பதில் எழுதினார். கெட்டில் என்பது லாட்ஜ் ரூமுக்கும் தனியாகத் தங்கிப் படிக்கிற பையன்களுக்கும் ஏற்ற சாமான், குடும்பம் நடக்கிற வீட்டில் அது தண்டச் செலவு என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அந்த அம்மா அதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாரோ என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வயல் மோட்டார்தான் முக்கியமான வேலை என்றாலும் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பேன், சில வருஷங்களாகக் கெட்டிலும் வருகிறது. கெட்டில் விற்கிற கடை எனக்குக் கிடையாது. அதனால் யாராவது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எனக்கு லாபமோ நட்டமோ இல்லை, கெட்டுப் போனால்தான் எனக்கு நாலு காசு. எந்த வீட்டுக் கெட்டில் என் கடைக்கு வருகிறது, எந்த வீட்டுக் கெட்டில் வருவதே இல்லை என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. வெந்நீருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கெட்டில் வீட்டுக்கு நல்ல சாமான்தான், அதிலும் வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு அவசியமான சாமான். ஆனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள், சரியான பிளக் பாயிண்ட் இல்லாமல் வாங்கினால் ஆபத்தையும் சேர்த்து வாங்குவீர்கள்.

முதலில் பில் கணக்கு, எல்லாரும் அதில்தான் நிற்கிறார்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் எப்படியும் 30 டிகிரி சூட்டில் இருக்கும். ஒரு லிட்டரை அங்கிருந்து கொதி நிலைக்குக் கொண்டுபோக 0.08 யூனிட் மின்சாரம் வேண்டும், எந்தக் கம்பெனி கெட்டிலானாலும் இதில் மாற்றம் கிடையாது. பாத்திரம் சூடாவது, ஆவியாகப் போவது எல்லாம் சேர்த்து 0.1 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டில் பத்து லிட்டர் கொதிக்கும். 1500 வாட் என்று அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஐயோ மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்குமே என்று பயப்படுகிறார்கள், மணிக்கு என்பது சரிதான், ஆனால் ஒரு லிட்டருக்கு அது ஓடுவது நாலு நிமிஷம், அதற்குள் தானாக நின்றுவிடுகிறது.

கேஸில் அதே ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க 10 கிராமிலிருந்து 13 கிராம் வரை எரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்குகிற அடுப்பே சோதனையில் 68 சதவீதச் சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுத்தால் போதும் என்றுதான் விதி, மீதி சமையலறைக்குள்தான் போகிறது. வீட்டிலோ பெரிய பர்னரில் சின்னச் சொம்பை வைத்து, மூடாமல், ஜன்னலையும் திறந்து வைத்துக் காய்ச்சுகிறோம், பாதிச் சூடோ அதற்குக் கொஞ்சம் மேலோதான் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. சரி, ஒரு வீட்டில் நாளைக்கு மூன்று லிட்டர் வெந்நீர் என்று வைப்போம். இரண்டு மாதத்துக்குக் கெட்டிலில் 18 யூனிட், கேஸில் சுமார் 2 கிலோ. யூனிட் 5 ரூபாய் என்றால் 90 ரூபாய், 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 130 ரூபாய்க்குப் பக்கம். இரண்டு மாதத்துக்கு மிச்சம் 40 ரூபாய். கும்பகோணத்து அம்மா கடைத்தெருவுக்குப் போய் ஒரு டிகிரி காபி குடித்தால் அது சரியாகிவிடும். பில் ஏறிவிடும் என்கிறவரும் சரி, கேஸ் பாதியாகக் குறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரும் சரி, இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2016லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி என்று அந்த நூறுக்குள்ளேயே முடிகிற கிராமத்து வீடுகள் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்குக் கெட்டில் தண்ணீர் சும்மா கொதிக்கிற மாதிரிதான். மாறாக ஏசி ஓடி 490 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு இந்த 18 யூனிட் கையைக் கடிக்கும். 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பதோடு, 101 முதல் 200 வரைக்கும் இருக்கிற குறைந்த விலையும் கைவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகள் கெட்டிலைக் குறை சொல்வதற்கு முன் ஏசியைப் பார்க்கட்டும்.

அப்படியானால் காசு மிச்சமில்லாத சாமான் எதற்கு என்று கேட்பீர்கள். காலை ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் நம் வீட்டு அடுப்படியில் போய் நின்று பாருங்கள். இரண்டு பர்னர் அடுப்பு. ஒன்றில் பால், அதை இறக்கினால் இட்லிக் கொப்பரை, இன்னொன்றில் குக்கரோ குழம்போ. இந்த நெருக்கடியில் டிகாஷனுக்கு ஒரு டம்ளர் வெந்நீர், அப்பாவுக்கு மாத்திரை போட வெதுவெதுப்பாக ஒரு டம்ளர், புளி ஊறப்போடக் கொஞ்சம், ஸ்கூல் போகிற பிள்ளையின் பாட்டிலுக்கு ஆறவைத்த தண்ணீர் என்று சுத்திச் சுத்தி வெந்நீர்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இருக்கிற பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொம்பை ஏற்ற வேண்டியிருக்கிறது. கெட்டில் இருந்தால் அந்த வேலை முழுக்க அடுப்பை விட்டு வெளியே வந்துவிடும். கூடத்து மேஜையில் வைத்துக்கூட வெந்நீர் போடலாம், வீட்டு ஆண்பிள்ளைகள் தாங்களே எழுந்து போட்டுக்கொள்ளலாம், அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது என்கிற சாக்கு அங்கே செல்லாது.

டிகாஷனுக்குக் கெட்டில் மாதிரி வசதி கிடையாது என்று என் வீட்டம்மா சொல்கிறார், அவர் பாபநாசத்துப் பக்கம், காபி விஷயத்தில் லேசில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். மூக்கு இருப்பதால் ஃபில்டரில் பொடியின் மேல் சுற்றிச் சுற்றி நிதானமாக ஊற்ற முடிகிறது, சொம்பிலிருந்து ஊற்றினால் ஒரே இடத்தில் குழி விழுந்து தண்ணீர் அப்படியே கீழே போய்விடும், டிகாஷன் நீர்த்துப் போகும். இடியாப்ப மாவு பிசைய, கொழுக்கட்டைக்கு மேல்மாவு தயார் செய்ய, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பாத்திரத்தில் ஊற்றி வைக்க என்று அவர் கண்டுபிடித்த உபயோகங்கள் எனக்குத் தோன்றவே தோன்றியிருக்காது. அரைப்படி அரிசி வடிக்கிற வீட்டில் உலைத் தண்ணீரில் பாதியைக் கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினால் உலை சீக்கிரம் வந்துவிடும்.

ஆனால் பால் மட்டும் வேண்டாம். என் கடைக்கு வருகிற கெட்டிலில் பாதிக்கு மேல் பால் காய்ச்சியதால் வந்தவைதான். திறந்ததுமே வாசனையே சொல்லிவிடும், ஆனாலும் கொண்டுவந்தவர் தண்ணீர் மட்டும்தாங்க போட்டோம் என்று சத்தியம் செய்வார். பால் அடியில் பிடித்துக் கருகும், பொங்கினால் மூக்கு வழியாகவும் மூடி வழியாகவும் வழிந்து சுவிட்ச் இருக்கிற இடத்துக்கும், அடியில் தகடு தொடுகிற இடத்துக்கும் போய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டீத்தூளைப் போட்டுக் கொதிக்க வைப்பது, நூடுல்ஸ் வேக வைப்பது, முட்டை அவிப்பது எல்லாம் இதே கதைதான். இப்போது கடையில் பல வேலைக்கான கெட்டில் என்று அகல வாயோடு, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகோடு ஒன்று விற்கிறார்கள், அது வேறு சாமான், அதில் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். மகன் அனுப்பியது மூக்கு வைத்த சாதாரணக் கெட்டில் என்றால் அதில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது.

அது எப்படித் தானாக நிற்கிறது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது புரியும். உள்ளே மேல்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கொதித்ததும் ஆவி அந்த ஓட்டை வழியாகப் போய் சுவிட்ச் பக்கத்தில் இருக்கிற ஒரு தகட்டின் மேல் படும். அது இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, சூடானால் ஒன்று அதிகமாக விரியும், இன்னொன்று குறைவாக விரியும், அதனால் டக்கென்று வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்குப் போகாது, கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டையைப் பாலேடு அடைத்தாலும் அதே கதி. அடியில் இன்னொரு தகடு உண்டு, தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் அது காப்பாற்றும், அதற்காகத் தினமும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம், கடிதத்தைச் சுருக்க நினைத்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள் ஆசிரியரே, இதை மட்டும் வெட்டாதீர்கள். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் லைட்டும் ஃபேனும் இருக்கிற போர்டில் உள்ள சின்ன பிளக் பாயிண்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. பல கெட்டில்களுக்கு மெல்லிய பின் வைத்த பிளக்கைத்தான் போட்டு அனுப்புகிறார்கள், அது அந்தச் சின்ன பாயிண்ட்டில் அழகாக நுழைந்துவிடும், நுழைந்துவிட்டதால் சரி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். புது வீடு, நல்ல கம்பி என்றால் கொஞ்ச காலம் தாங்கும். நம் பக்கத்து ஓட்டு வீடுகளிலும் பழைய மெத்தை வீடுகளிலும் எந்தக் காலத்திலோ இழுத்த மெல்லிய கம்பி, சில இடத்தில் அலுமினியக் கம்பி. ஒரு லைட்டுக்காகப் போட்ட அந்தக் கம்பியில்தான் 2011க்குப் பிறகு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்து சேர்ந்தன, அப்புறம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். அந்தத் தலையில் கெட்டிலையும் ஏற்றினால் சாக்கெட் பழுத்து, பிளாஸ்டிக் உருகி, பிளக்கைப் பிடுங்கினால் பின்னோடு சாக்கெட்டும் சேர்ந்து வரும்.

இதைவிடப் பயங்கரம் ஃபீஸ் கேரியர். கெட்டில் போட்டால் ஃபீஸ் போகிறது என்று யாரோ நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஃபீஸ் போகவே போகாது, சுவருக்குள் இருக்கிற கம்பிதான் போகும். ஜங்ஷன் பாக்ஸில் செருகுவதும் அதே அளவு தப்பு, டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் இருக்கிற ஒயர் அது. ஆகவே 15 அல்லது 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள், மோட்டாருக்கோ ஏசிக்கோ போட்டிருப்பார்களே, அந்தப் பெரிய மூன்று ஓட்டை. அடுப்படி மேடையில் அது இல்லையென்றால் வயர்மேனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன் இழுக்கச் சொல்லுங்கள், கெட்டில் விலையைவிட அதற்குக் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும், நாளைக்கு மைக்ரோவேவ் வாங்கினாலும் அது உதவும். அதுவரைக்கும் பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும்.

அப்படியே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது, இது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். அந்த வீட்டில் எவர்சில்வர் கெட்டிலைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு அது சுருக்கோடு நிற்காமலும் போகலாம். எர்த் கம்பி புதைத்த இடத்தில் கோடையில் மண் காய்ந்து கிடந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கசிவு வந்தால் பட்டென்று வெட்டிவிடுகிற டிரிப்பரும் மெயினில் இருந்தால் நிம்மதி.

லோ வோல்டேஜ் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசியில் இருக்கிற வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது, கெட்டில் கெட்டுப் போகுமா என்று. போகாது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் தண்ணீரைத் தூக்குவதற்காகக் கரண்டைக் கூடுதலாக இழுக்கும், காயில் சூடாகி எரியும், அப்படித்தான் குறுவைச் சமயத்தில் என் கடை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கெட்டிலில் இருப்பது வெறும் சூடாகிற கம்பி, வோல்டேஜ் குறைந்தால் அது கரண்டையும் குறைத்துக்கொள்ளும். 180 வோல்ட்டில் 1500 வாட் கெட்டில் 900 வாட் சொச்சம்தான் வேலை செய்யும், நாலு நிமிஷத்தில் கொதிப்பது ஆறு, ஆறரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். யூனிட்டும் பெரிதாக ஏறாது, மெதுவாக இழுக்கிறது, அதிக நேரம் இழுக்கிறது. நியூட்ரல் கட் ஆகி 300, 350 வோல்ட் உள்ளே வந்தால்தான் எரியும், அப்போது கெட்டில் மட்டும் இல்லை, வீட்டில் ஓடுகிற எல்லாமே போகும்.

இன்வெர்ட்டரில் போடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரணமாக 900 வி.ஏ. அளவில்தான் இருக்கும், 1500 வாட்டை அது தூக்காது, சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். உங்கள் பத்திரிகையிலேயே நாளை மின்தடை என்று ஊர் ஊராகப் போடுகிறீர்களே, அந்தப் பெட்டிச் செய்தியைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் சாயங்காலம் வரை கவலையில்லை. சொல்லப்போனால் கெட்டிலுக்கு ஜோடி ஃபிளாஸ்க்தான், ஒவ்வொரு டம்ளருக்கும் சுவிட்சைத் தட்டுவதைவிட ஒரு தடவை கொதிக்கவைத்துச் சேமிப்பது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம், 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த பிறகு திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். விழுந்த தென்னையின் மட்டையையும் பாளையையும் எரித்துத்தான் பல வீடுகளில் கஞ்சி காய்ச்சினார்கள். கெட்டிலோ இண்டக்‌ஷனோ எது வந்தாலும் அடுப்பு என்று ஒன்று வீட்டில் இருந்தே தீர வேண்டிய பூமி இது.

தண்ணீர் விஷயம். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வருகிற இடத்திலோ கேன் தண்ணீர் ஊற்றுகிற வீட்டிலோ கெட்டில் உள்ளே பளபளவென்று இருக்கும். போர் தண்ணீர், அதிலும் கடலோரப் பக்கத்துப் போர் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே அடியில் வெள்ளையாகப் படியும். அது சுண்ணாம்புதான், விஷம் இல்லை, ஆனால் தடித்துப்போனால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அடித்தகட்டிலேயே தங்கும், கொதிக்க நேரமாகும், கடைசியில் எலிமென்ட் போகும். கத்தியால் சுரண்டாதீர்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு ஸ்பூன் போட்டுத் தண்ணீரோடு ஒரு கொதி விட்டு, அரைமணி நேரம் வைத்திருந்து கொட்டினால் போதும், கரைந்துவிடும். அப்புறம் வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். வெளியே ஈரத்துணியால் துடைத்தால் போதும், குழாயடியில் முழுக்கக் காட்டிக் கழுவவே கூடாது. ராத்திரியில் அடித்தட்டின் ஓட்டைக்குள் எறும்பு போகும், சர்க்கரை டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சச் சொல்கிறார்களே, அதற்கு கெட்டில் போதுமா என்றால், கிருமி சாக போதும். தளதளவென்று கொதி வந்துவிட்டாலே கிருமிகள் செத்துவிடும், கெட்டில் கொதி வந்த பிறகுதான் நிற்கிறது. உப்புக் கரிப்பு மட்டும் கொதிக்க வைப்பதால் போகாது. ஆனால் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாளைக்குப் பத்து லிட்டரையும் ஒன்றரை லிட்டர் கெட்டிலில் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது பைத்தியக்காரத்தனம். அதற்குப் பெரிய குண்டானை மூடி போட்டு அடுப்பில் ஏற்றுங்கள், விறகு கிடைக்கிறவர்கள் கொல்லை அடுப்பில் ஏற்றுங்கள். குளிக்கிற வெந்நீருக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு அலையாதீர்கள், அதைச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லாட்ஜ் சாமான் என்று எழுதினாரே அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1950களிலேயே தானாக நிற்கும் கெட்டில் வீட்டு அடுப்படிக்கு வந்துவிட்டது, அங்கே 3000 வாட் கெட்டிலையே சாதாரண பிளக்கில் செருகுகிறார்கள், ஏனென்றால் அந்த பிளக்கே 13 ஆம்பியர் தாங்கும். அவர்கள் வைத்திருப்பதால் நாமும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, லாட்ஜில்தான் முதலில் பார்த்தோம் என்பதற்காக அது லாட்ஜ் சாமான் ஆகிவிடாது என்கிறேன். அவர் குடும்பம் நடக்கிற வீடு என்று எழுதியபோது எந்த வீட்டை நினைத்துக்கொண்டு எழுதினார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த தெருக்களில் மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், நாலு கட்டு வீட்டில் அம்மா மட்டும். நீடாமங்கலம், வலங்கைமான், திருவிடைமருதூர் எங்கே போனாலும் இந்த மாதிரி வீடு தெருவுக்கு நாலைந்து இருக்கும்.

அந்த வீடுகளில்தான் கெட்டிலின் அருமை தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் வந்தால் ஒரு வாய் வெந்நீருக்காக எழுந்து போய், லைட்டைத் தேடி, சிலிண்டரைத் திறந்து, லைட்டரைத் தேடி, கைநடுக்கத்தோடு பற்றவைக்க வேண்டும். காற்றிலோ பொங்கி வழிந்தோ அடுப்பு அணைந்துவிட்டால் கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், வயசானவர்களுக்கு வாசனையும் சரியாகத் தெரிவதில்லை. தண்ணீரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து மறந்துபோவது சகஜம், பாத்திரம் வற்றிக் கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்த கதை தெருவுக்கு ஒன்று உண்டு. கெட்டிலில் சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்துபோனாலும் அது நின்றுவிடும், ஆறிப்போகும், மறுபடி தட்டிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு பெரியம்மாவுக்கு அவர் கட்டில் பக்கத்திலேயே பவர் பிளக் போட்டுக் கொடுத்தேன். முதலில் எனக்கெதுக்குடா தம்பி இதெல்லாம் என்றார், இப்போது சுக்குத் தண்ணீர், ஹார்லிக்ஸ், ஒத்தடம் எல்லாவற்றுக்கும் வெந்நீர் அதில்தான், சமையலுக்கு மட்டும் காலையில் ஒரு தடவை அடுப்பைத் திறக்கிறார்.

அவர்களுக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை லிட்டர் கெட்டில் நிறைய தண்ணீரோடு இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், மெலிந்த மணிக்கட்டால் அதைச் சாய்த்து ஊற்ற முடியாது, காலில் கொட்டிக்கொண்டால் என்ன ஆவது. ஒரு லிட்டர் அல்லது அதற்கும் சின்னது வாங்குங்கள், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். ஒற்றைத் தகடு எவர்சில்வர் கெட்டில் வெளிப்பக்கமும் தீயாகச் சுடும், இரட்டைச் சுவர் வைத்தது கொஞ்சம் விலை கூட, ஆனால் தொட்டால் சுடாது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீட்டில் ஒயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்பே வாங்கிவிடலாமே என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. பாலும் காய்ச்சலாம், கேஸ் தீர்ந்த அன்றைக்குச் சமையலும் ஆகும். ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும், நம் வீட்டு ஈயச் சொம்பும் பித்தளையும் அலுமினியக் குண்டானும் அதில் வேலை செய்யாது, விலையும் கூட. குடும்பமாக இருக்கிறவர்கள் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இண்டக்‌ஷன் வாங்கட்டும். தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு அத்தனை பட்டன் வேண்டாம், ஒரே சுவிட்ச் இருக்கிற கெட்டில் போதும்.

கும்பகோணத்து அம்மாவுக்கு: பெட்டியைப் பிரியுங்கள். அடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, எத்தனை வாட் என்று பாருங்கள், பவர் பிளக்கை வயர்மேனை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தடவை கொதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், புது வாசனை போகட்டும். வாரண்டி கார்டும் பில்லும் பெட்டிக்குள் இல்லாவிட்டால் மகனை இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள், ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில் அவர் போனில்தான் இருக்கும். வாரண்டி இருக்கிற கெட்டிலை என்னைப் போன்றவன் கடைக்குக் கொண்டுவந்து திறக்க விட்டுவிட்டால் அப்புறம் கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
காயில் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி.